முப்பத்தோராம் நாள் மாஸ்டர்

சிவகுருநாதன் மாஸ்டர் தன் தாயாரைப் பார்த்துக்கொள்ள என்னைக் கேட்டு வந்த அன்று நான் முற்றத்தில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடியே விஷயத்தைச் சொன்னார்.

“அம்மாவுக்கு இடப்பக்கம் வழங்காது, மிசி அக்கா. வாய் நல்லா வழங்கும். பின்னேரத்தில வந்து பாத்தால் போதும். ஆனா மாதத்தில ஒருநாள் நான் செத்தவீட்டுக் காரியத்துக்குப் போகோணும். அண்டைக்கு மட்டும் விடியவே வந்திடுங்கோ.”

“மாதா மாதம் உங்களுக்கு ஆர் சாகினம், மாஸ்டர்?”

“அது இன்னும் தெரியாது,” என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. பெடலில் மற்றக் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவரைத் தெரிந்த இத்தனை வருடங்களில் இரண்டு காலும் ஒன்றாக ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

தாதிமாரை எங்கள் பக்கத்தில் மிசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி வேலையில் இருந்து இளைப்பாறிய பிறகு வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சண்டை ஒரு மாதம் தூரத்தில் நடக்கும், மறுமாதம் எங்கள் கேற்றடிக்கு வரும். மாஸ்டருடைய வீடு அன்புவழிபுரத்தில் கன்னியா வீதியை ஒட்டி இருந்தது. நாற்பது தாண்டியும் கலியாணம் செய்யவில்லை. ஒரே பிள்ளை. நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தார். தாய் தங்கரத்தினம் பாரிசவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடந்தார். முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுவது, கஞ்சி பருக்குவது, துடைத்துவிடுவது, இவைதான் என் வேலை. அந்த அம்மாவின் வாயைச் சமாளிப்பதும் அதற்குள் அடக்கம்.

செத்தவீட்டு விஷயம் முதல் கிழமையிலேயே விளங்கியது.

மாஸ்டர் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். விஷயம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். வீட்டில் இருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் சுடுதண்ணீர் தானாக ஊறுகிறது. பள்ளிக்கூடப் புத்தகமோ எங்கேயோ பனிநாட்டில் கொதிக்கும் ஊற்றின் படத்தைப் போட்டிருக்கிறது. இது அவருக்குப் பெரிய கோபம். ஏழு கிணற்றின் சூட்டையும் மாதம் ஒருமுறையாக ஒரு வருடம் விடாமல் அளக்க வேண்டும், மாரி மழைக்குச் சூடு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே குளிக்கிறவர்கள் கிணறுகளைப் பற்றி நம்புகிறதையும் கேட்டு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் ஆக்க வேண்டும். இதுதான் திட்டம்.

“முதல்ல விஞ்ஞானப் பகுதிக்குப் போனனான்,” என்று ஒருநாள் சொன்னார். “இது பிள்ளையளின்ர படிப்பைப் பற்றினது, கல்விப் பகுதிக்குப் போங்கோ எண்டினம். அங்க போனால், செத்தவைக்குச் செய்யிற இடம், இது சமயம் எண்டினம். சமயப் பகுதியில ஒரு பேராசிரியர் என்ர பையைப் பாத்திட்டு, வெப்பமானியோட ஏன் காணும் இஞ்ச வந்தனீர் எண்டு கேட்டார்.”

“கடைசியில ஆர் எடுத்தது?”

“கல்விதான். ஒரு நிபந்தனையோட. பன்னிரண்டு மாதத்தில ஒரு மாதமும் விடக் கூடாது.”

விடக் கூடாது என்று அவர்கள் எங்கேயோ இருந்துகொண்டு சொல்லிவிட்டார்கள். இங்கே கன்னியா வீதியில் ஆமி சென்றி போட்டிருந்தது, இராணுவக் காவலரண். விறகுக்குப் போகிறவர்களைக்கூட அதற்கு அப்பால் விடுவதில்லை. ஒரே ஒரு விலக்கு இருந்தது. எங்கள் சைவச் சனம் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைக் கன்னியாவில் செய்வது வழக்கம். செத்தவரின் சொந்தக்காரர் ஜீ.எஸ். என்கிற கிராமசேவகரின் கடிதத்தோடு போனால், காலையில் விட்டு மத்தியானத்துக்கு முன் திரும்பி வரச் சொல்வார்கள்.

ஆக, மாஸ்டருக்கு மாதம் ஒரு சாவு தேவைப்பட்டது.

சாவுக்குப் பஞ்சமில்லாத காலம்தான். ஆனால் பயத்தில் பல வீடுகள் அந்தியேட்டியைத் தங்கள் கிணற்றடியிலேயே முடித்துவிடும். கன்னியாவுக்குப் போகும் வீடு எது என்று மாஸ்டர் விசாரித்துக்கொண்டே திரிவார். லிங்கநகரில் செத்தவீட்டு மேளம் கேட்டால் சைக்கிள் அந்தப் பக்கம் திரும்பும். பந்தலுக்குக் கதிரை தூக்குவார், தேத்தண்ணி பரிமாறுவார். முப்பத்தோராம் நாள் அந்த வீட்டாரோடு ஓட்டோவில் ஏறிவிடுவார். சென்றியில் ஒரு மாதம் செத்தவர் அவருக்குப் பெரியப்பா, அடுத்த மாதம் மாமி, அதற்கடுத்த மாதம் தாயின் தமையன். வெப்பமானி தர்ப்பைக் கட்டின் நடுவில் இருக்கும். கிணற்றடியில் சைவக்குருக்கள் ஒரு பக்கம் பிண்டம் வைக்க, இவர் மறுபக்கம் குந்தியிருந்து கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் பிடிப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவருக்கு முப்பத்தோராம் நாள் மாஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். அது ஊருக்கும் பரவியது.

கொண்டுபோய் விடுகிறவர் கலீலுர் றஹ்மான். ஓட்டோ வைத்திருந்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல மாஸ்டர் அவரை நானா என்பார். சிங்களம் தண்ணீர் போல வரும் என்பதால் சென்றியில் கதைக்கிற வேலையும் அவருக்குத்தான்.

“சேர், பொறகு நம்மளுக்குக் கேள்வி வந்திடும்,” என்று ஒருநாள் மாஸ்டரிடம் சொன்னார். “அந்தச் சென்றியில நிக்கிற மீசைக்காரனுக்கு உங்கட மூஞ்சி பாடம். சோதிக்கிற சாட்டில பழத்தட்டில கைய வெச்சிட்டு, கவுத மெருணே, ஆரு செத்த எண்டு கேக்கிறான். நான் உங்கட குடும்பத்துல முக்கால்வாசியையும் மௌத்தாக்கிட்டன். மிச்சம் ஆரு சேர் இரிக்கா?”

“இன்னும் ஒண்டுவிட்ட சகோதரங்கள் இருக்கினம், நானா.”

“அல்லாஹ்வே,” என்று றஹ்மான் ஓட்டோவை உதைத்தார்.

தங்கரத்தினம் அம்மாவுக்கு மகன் செய்வது எல்லாம் தெரியும். கட்டிலில் கிடந்தாலும் ஊர்க்கதை முழுக்க அவரிடம் வந்து சேரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே மகனை முன்னுக்கு நிற்கவைத்துத் தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டார்.

“ஊரில உள்ளவனெல்லாருக்கும் கன்னியாவில நிண்டு செய்யிறாய். எனக்கும் அங்கதான் செய்யோணும். ஆமி விடேல்லை, வெயில் கூட எண்டு வீட்டுக் கிணத்தடியில ஒப்பேத்திப் போடாதை.”

“செய்யிறன், அம்மா.”

“நீதான் செய்யோணும். ஏழு கிணத்திலயும் அள்ளி ஊத்தோணும்.”

“ஓம், அம்மா.”

“அண்டைக்கும் அந்தக் குழாயை வைச்சு அளப்பியோ?”

மாஸ்டர் யன்னலடிக்குப் போனார், திரும்பி வந்தார்.

“அள. ஆனா முதல்ல தண்ணியை ஊத்து,” என்றார் தாய்.

மாரி வந்தது. மாஸ்டருக்கு அந்த மாதங்கள்தான் மிகவும் முக்கியம், மழைக்குச் சூடு குறைகிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா. கார்த்திகையில் எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் வந்த வீடுகள் குறைவு, அவர்களும் கன்னியாவுக்குப் போகப் பயந்தார்கள். மாஸ்டருக்கு நித்திரை இல்லை. விறாந்தையில் நடக்கிற சத்தம் தாயை எழுப்பிவிடும். பின்னேரம் நான் போனதும் கதவடியிலேயே பிடித்துக்கொள்வார்.

“மிசி அக்கா, நீங்கள் நாலு வீட்டுக்குப் போறனீங்கள். ஆராவது கடுமையோ?”

“வெக்கமில்லையோ, மாஸ்டர்? நான் ஆக்களைச் சாகவிடாமல் பாக்கப் போறனான்.”

“அதில்லை. ஏற்கனவே செத்து, காரியத்துக்கு நாள் வைச்ச வீடு ஏதும் இருந்தால்...”

“நீங்கள் ஒருக்கால் இருங்கோ. உங்களைப் பாக்க எனக்குத் தலை சுத்துது.”

கதிரையின் நுனியில் இருந்தார். இரண்டு நிமிடம் ஆகவில்லை, என் கைப்பையில் இருந்த காய்ச்சல் பார்க்கும் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். அவசரத்துக்கு அது உதவுமா என்று கேட்டார். அது மனிதருடைய அக்குளுக்குச் செய்தது, சுடுகிணற்றில் வைத்தால் வெடித்துவிடும், பிறகு பாதரசத்தைப் பொறுக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்று பறித்து வைத்தேன். அந்த மாதத்தின் கடைசியில் உப்புவெளிப் பக்கத்தில் ஒரு தபால்காரர் குடும்பம் அவரைச் சேர்த்துக்கொண்டது. செத்தவர் இவருக்குச் சித்தப்பா ஆனார். மாஸ்டர் அன்று நனைந்து ஒழுகியபடி வந்து, தாயின் கட்டிலைச் சுற்றி நடந்து நடந்து, மழையிலும் சூடு அசையவில்லை, அசையவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“தலையைத் துடையடா, செத்துப்போடுவாய். பிறகு உன்ர அந்தியேட்டியில ஆர் அளக்கிறது?” என்றார் தாய்.

மாசியில் நிலைமை மாறியது. வீதியில் கண்ணிவெடி ஒன்று வெடித்த பிறகு சென்றியில் புதுக் கட்டளை போட்டார்கள். செத்தவரின் பிள்ளைகளும் புருசன் பெண்சாதியும் குருக்களும் மட்டும்தான் போகலாம். துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்கள். பெரியப்பா, சித்தப்பா எல்லாம் இனி இல்லை.

மாஸ்டருக்குப் பதினோராம் மாதம். இன்னும் இரண்டு அளவைதான் மிச்சம். எங்கள் ஒழுங்கையில் புஸ்பராணி என்று ஒரு விதவை இருந்தாள். மாஸ்டரைவிட இரண்டு மூன்று வயது கூட. தையல் தைத்துப் பிழைத்தாள். பயம் என்பது அவளுக்குக் கிடையாது, வாயும் அப்படி. அவளுடைய தாயின் முப்பத்தோராம் நாள் அந்த மாதம் வந்தது. மாஸ்டர் போய் அவள் வாசலில் நின்றார். அவள் தையல் மிசினை நிறுத்தாமலே கேட்டாளாம், “என்ன மாஸ்டர், என்ர அம்மாவுக்கு மகனாய்ப் பிறக்கோணுமோ?”

“ஒருநாளைக்கு மட்டும், அக்கா.”

“பிறவுங்கோ. எனக்கும் ஆம்பிளைத் துணை ஒண்டும் இல்லை.”

சென்றியில் மீசைக்காரச் சிப்பாய் இம்முறை யார் என்று கேட்டான். அம்மா, என்றார் மாஸ்டர். இது தமக்கை, என்று புஸ்பராணியைக் காட்டினார். சிப்பாய் பழத்தட்டில் இருந்து கையை எடுத்துவிட்டானாம். அனுதாபப்பட்டு இருவருக்கும் வழி விட்டானாம். றஹ்மான் இதை எனக்குச் சொன்னபோது சிரிக்கவில்லை. “அந்தாள் தொப்பியக் கழட்டினான், மிசி. எனக்கு ஒரு மாதிரிப் போயிட்டு.”

அன்று பின்னேரம் புஸ்பராணி வடையும் சோறும் கொண்டு தங்கரத்தினம் அம்மாவைப் பார்க்க வந்தாள். நடந்ததை மறைக்கத் தெரியாதவள், முழுவதையும் சொல்லிவிட்டாள். நான் அந்த நேரம் அம்மாவைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சுவர்ப்பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

“அப்ப நான் செத்துப்போனனோ?”

“சென்றிக்காரனுக்கு மட்டும்தான், மாமி.”

“குரு எங்க? கூப்பிடு அவனை.”

மாஸ்டர் வந்து வாசலில் நின்றார். கை கதவுக் கொண்டியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது.

“என்னைச் சாக்கொண்டுபோட்டு வந்து நிக்கிறியோ? ஒரு வாளி தண்ணிக்கு?”

“அம்மா, அது சும்மா ஒரு கதைக்கு...”

“கதைக்குத்தான். கொம்மா ஒருக்கால்தான் சாவாள். அதை அவங்களுக்குச் செலவழிச்சுப்போட்டாய். நாளைக்கு மெய்யாய்ச் சாகேக்க அவங்களுக்கு என்னத்தைச் சொல்லுவாய்?”

பிறகு ஒரு வடையைப் பிய்த்து வாயில் வைக்கும்படி என்னைக் கேட்டார். உப்புக் குறைவு என்று புஸ்பராணிக்குச் சொன்னார். கோபம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே நின்றது. மாஸ்டர் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

நாலைந்து நாளில் அம்மாவுக்குச் சளி கட்டியது. கட்டிலில் கிடப்பவர்களுக்கு அது வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், மாஸ்டருக்கும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டாம் நாள் விடிய முடிந்தது. கடைசியில் அதிகம் கதைக்கவில்லை. மகனின் கையைப் பிடித்து, “கன்னியா,” என்றார். “ஓம், அம்மா,” என்றார் மாஸ்டர்.

முப்பத்தோராம் நாள் பங்குனியில் விழுந்தது. பன்னிரண்டாம் மாதம். செத்தவீட்டில் இரண்டு பேர், மாஸ்டருக்குக் கடைசி மாதமும் அமைஞ்சிட்டுது என்று பின்னால் நின்று சொன்னார்கள். அவருக்குக் கேட்டது. நான் திரும்பி அவர்களைப் பார்த்த பிறகு வாயை மூடினார்கள்.

அந்த ஒரு மாதமும் மாஸ்டர் சாப்பாட்டுக்குக்கூட ஒழுங்காக இருக்கவில்லை. ஜீ.எஸ். இடம் கடிதம் எடுத்தார், மரண அத்தாட்சியும் எடுத்துவைத்தார். ஆனால் சென்றிக்காரன் கடிதத்தை வாசிப்பதில்லை, முகத்தைத்தான் வாசிக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். மீசைக்காரனை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்களா என்று றஹ்மானைத் தினமும் கேட்பார். றஹ்மான் தினமும் இல்லை என்பார்.

முப்பத்தோராம் நாள் காலையில் நான் பொருட்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். எள், அரிசிமா, வாழையிலை, செம்பு, மாற்றிக் கட்ட வேட்டி. மாஸ்டர் தர்ப்பைக் கட்டை அவிழ்த்து வெப்பமானியை உள்ளே வைத்தார். எடுத்து அலுமாரியில் வைத்தார். திரும்ப எடுத்துத் தர்ப்பைக்குள் வைத்தார். “ஏதாவது ஒண்டைச் செய்யுங்கோ, மாஸ்டர், ஓட்டோ நிக்குது,” என்றேன். கட்டை அப்படியே இறுக்கிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். குருக்கள் முன்னால் இன்னொரு ஓட்டோவில் போய்விட்டார். எங்களோடு புஸ்பராணியும் வந்தாள். கட்டளைப்படி துணைக்கு ஒரு பெண்தான் போகலாம், அது நானா அவளா என்று சென்றியில் பார்ப்போம் என்று இருவரும் கிளம்பியிருந்தோம்.

மீசைக்காரச் சிப்பாய் அங்கேதான் நின்றான். ஆனால் அவன் தனியாக இல்லை. புதிதாக வந்த இளம் அதிகாரி ஒருவர் கதிரை போட்டு இருந்தார். வேட்டியும் சால்வையுமாக மாஸ்டர் இறங்கியதும் சிப்பாயின் முகம் மலர்ந்தது, தெரிந்த ஆளைக் கண்ட சந்தோசம். கெட்ட மனிதனல்ல.

“அம்மா,” என்றார் மாஸ்டர்.

சிப்பாய் முழித்தான். அதிகாரியின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். நான் பயிற்சி எடுத்தது கண்டியில், ஆகவே எனக்கும் விளங்கியது. இந்த மனுசனுடைய அம்மா போன மாதமும் செத்தவ, இதோ இந்தத் தமக்கையும் கூட வந்தவ, என்றான்.

அதிகாரி எழும்பினார்.

றஹ்மான் மாஸ்டரின் காதடியில் வந்தார். “சேர், வாப்பாக்கு ரெண்டு தாரம் எண்டு சொல்லிருவமா? மூத்தவ போன மாசம், இளயவ இந்த மாசம். லேசான வேல.”

“என்ர அம்மாவை இளையதாரம் ஆக்க ஏலாது, நானா.”

“அப்ப மூத்ததாரமாச் சொல்றன்!”

“வேண்டாம்.”

அதற்குள் அதிகாரி தர்ப்பைக் கட்டைத் தடவினார். கட்டு அவிழ்ந்தது. வெப்பமானி அவர் கையில் இருந்தது. அடுத்த கணம் சென்றியில் நின்றவர்களின் துவக்குகள் எங்கள் பக்கம் நிமிர்ந்தன. கம்பியோ கண்ணாடியோ எது கிடைத்தாலும் வெடிகுண்டாகத் தெரிந்த நாட்கள் அவை. றஹ்மானுக்கு அதன் சிங்களப் பெயர் வரவில்லை. கைகளை உயர்த்திக்கொண்டு நின்றார். நான் முன்னுக்குப் போய் ஆஸ்பத்திரிச் சிங்களத்தில் சொன்னேன்: இது காய்ச்சல் பார்க்கிற சாமான், மாத்தையா. இவர் கிணற்றுத் தண்ணீருக்குக் காய்ச்சலா என்று பார்க்கிறவர்.

அதிகாரி என்னைப் பார்த்தார். வெப்பமானியின் அடையாளங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மாஸ்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். மாஸ்டர் சொல்லத் தொடங்கினார். ஏழு கிணறு, பதினொரு மாதம், மாரி மழை, பிள்ளைகளின் பாடம் என்று தொடங்கியவர் தன்னை மறந்து கைகளை ஆட்டிக் கதைத்துக்கொண்டு போனார். பெரியப்பா, மாமி, சித்தப்பா எல்லாம் பொய் என்றார். போன மாதத்து அம்மாவும் பொய், இன்றைய அம்மாதான் மெய் என்றார். மரண அத்தாட்சியை நீட்டினார். அதிகாரி இடையில் ஒன்றிரண்டு கேள்வி கேட்டார். படித்த ஆள்தான்.

“அப்போ இந்தப் பெண் உமக்குத் தமக்கை இல்லையா?” என்று புஸ்பராணிக்கும் விளங்கும்படி றஹ்மான் மூலம் கேட்டார்.

மாஸ்டர் வாய் திறக்கும் முன் புஸ்பராணி பாய்ந்தாள்.

“ஆர் சொன்னது? நான் தமக்கைதான்! துக்கத்தில தம்பி அறளை பேயுது. நேற்றுத் தொடக்கம் சாப்பிடேல்லை.”

“அக்கா, பேசாமல் இருங்கோ,” என்றார் மாஸ்டர்.

“பாருங்கோ, அக்கா எண்டுதானே கூப்பிடுறார்!”

மீசைக்காரன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். அதிகாரி சிரிக்கவில்லை. மரண அத்தாட்சியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னதை றஹ்மான் எங்களுக்குத் தமிழில் தந்தார். 

“மகள் எண்டு சொல்ற பொம்புள போகலாமாம். மிசி தொணைக்குப் போகலாமாம். அந்தக் குழாயும் போகலாமாம். சாமான் பொய் சொல்லாதாம். சேர் இங்கதான் நிக்கணுமாம், நாங்க திரும்பி வாற வரைக்கும். வருசம் முழுக்கப் பொய் சொன்ன ஆள அங்கால விட ஏலாதாம்.”

வெப்பமானி என் கைக்கு வந்தது.

மாஸ்டர் அதைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார். “அதை வைச்சுக்கொண்டு என்னை விடுங்கோ,” என்றார், தமிழில். “உடையுங்கோ. எனக்கு வேண்டாம். அம்மாவுக்கு நான்தான் ஊத்தோணும்.” றஹ்மான் சிங்களத்தில் சொன்னார். பிறகு தன்பாட்டில் இன்னும் என்னென்னவோ சேர்த்துச் சொன்னார், கெஞ்சினார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு முன் திரும்ப வேண்டும். “மாஸ்டர், நிண்டு யோசிக்க நேரமில்லை. போறமோ, திரும்புறமோ?” என்று கேட்டேன். தாய் வீட்டுக் கிணற்றடியில் ஒப்பேற்ற வேண்டாம் என்று சொன்னது அவருக்கும் எனக்கும் தெரியும். நீதான் செய்யோணும் என்று சொன்னதும் தெரியும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம்.

தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் புஸ்பராணியிடம் கொடுத்தார். “போங்கோ, அக்கா. ஏழிலயும் ஊத்துங்கோ.”

என்னிடம் அளப்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கன்னியாவில் குருக்கள் பொம்பிளை எப்படிக் கடமை செய்வது என்று முதலில் மறுத்தார். புஸ்பராணி, “சென்றிக்காரன் ஒத்துக்கொண்டதை நீங்கள் ஏன் மறுக்கிறியள்? மகன் அங்க துவக்குக்கு முன்னால நிக்கிறார்,” என்றாள். பிறகு அவர் தர்ப்பையைப் போட்டுவிட்டார். அவள் ஒழுங்காகச் செய்தாள். எள்ளும் தண்ணீரும் விட்டாள். ஏழு கிணற்றிலும் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டாள். சூடு கூடின கிணற்றில் மட்டும், “கிழவி, உனக்காகத்தான்,” என்று பல்லைக் கடித்தாள். எல்லாம் முடிந்த பிறகு நான் வெப்பமானியை ஒவ்வொரு கிணற்றிலும் பிடித்தேன். சாமான் கையில் இருந்தது, நேரமும் கொஞ்சம் இருந்தது. வாசித்ததை மருந்து எழுதும் துண்டுக் கடதாசி ஒன்றில் எழுதினேன்.

திரும்பி வந்தபோது மாஸ்டர் சென்றியில் இருந்து ஓட்டோ மட்டும், ஓட்டோவில் இருந்து சென்றி மட்டும் நடந்துகொண்டிருந்தார். புழுதியில் ஒரு பாதையே விழுந்திருந்தது. மீசைக்காரன் அவருக்குப் போட்ட மரப்பெட்டி வெறுமனே கிடந்தது.

“ஊத்தினீங்களோ?”

“ஊத்தினது. ஏழிலயும்.”

“சுடுதண்ணியிலயும்?”

“என்ர தோலைப் பாருங்கோ, மாஸ்டர்,” என்றாள் புஸ்பராணி.

துண்டை நீட்டினேன். வாங்கினார், பார்க்கவில்லை. நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

பங்குனிக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுத்தான் ஆய்வை அனுப்பினார். பேராசிரியர்கள் திருப்பி அனுப்பினார்கள். அளவை எடுக்க முடியாவிட்டால் முதலில் இருந்து தொடங்கவேண்டும் என்றார்கள். எடுத்த அளவை கையில் இருக்கிறதே, எழுதினால் என்ன என்று நான் கேட்டேன். “அண்டைக்கு நான் அங்க நிக்கேல்லை, மிசி அக்கா,” என்றார். அதற்கு மேல் அவரோடு வாதாடுவதில் பலன் இல்லை. ஊரில் ஒரு செத்தவீட்டுக்கும் பிறகு அந்த நோக்கத்தோடு போகவில்லை. பள்ளிக்கூடம், வீடு, விறாந்தையில் நடை, வருடங்கள் அப்படிப் போயின. புஸ்பராணி மட்டும் அந்த அம்மாவின் திவசத்துக்கு வருடா வருடம் உரிமையோடு வந்து, “மகள் நான் இருக்க ஆர் இந்தக் கறிக்கு உப்புப் போட்டது?” என்று குசினிக்குள் சண்டை பிடிப்பாள்.

சமாதானம் என்று சொல்லிக்கொண்ட காலத்தில் சென்றியைத் தூக்கினார்கள். அந்தக் கிழமையே மாஸ்டர் றஹ்மானின் ஓட்டோவைக் கூப்பிட்டார். என்னையும் புஸ்பராணியையும் ஏற்றினார். கையில் துவாயும் வேட்டியும் மட்டும்தான் இருந்தன. வழியெல்லாம் முழங்கால் ஆடிக்கொண்டே வந்தது. இறங்கி, சேட்டைக் கழற்றி, முதலாவது கிணற்றில் இருந்து ஏழாவது வரைக்கும் அள்ளி அள்ளி ஊற்றினார். மற்றவர்களும் குளிக்கக் காத்து நின்றார்கள். அவர் அவசரப்படவில்லை. அதிசயம்தான்.

அடுத்த நாள்தான் வெப்பமானியோடு போனார். திரும்ப ஒரு பன்னிரண்டு மாதம் தொடங்கியது. பட்டம் அதற்குப் பிறகு வந்தது. அப்போது அவருக்கு ஐம்பது. திரும்ப அளக்கத் தொடங்கிய அந்த முதல் நாள் பின்னேரம் என் வீட்டு வாசலில் சைக்கிள் வந்து நின்றது. ஒரு கால் நிலத்தில், மற்றது பெடலில். கையில் மஞ்சளாகிப்போன ஒரு மருந்துத் துண்டு.

“மிசி அக்கா, இண்டைக்குத்தான் இதைப் பிரிச்சுப் பாத்தனான். மூண்டாவது கிணத்தைப் பிழையாய் வாசிச்சிருக்கிறியள். இவ்வளவு வராது.”

“ஏன் வராது? அண்டைக்கு அதுக்குக் காய்ச்சல்.”

“பகிடி விடாதேங்கோ. கண்ணுக்கு நேர பிடிச்சனீங்களோ, சரிச்சுப் பிடிச்சனீங்களோ?”

“புஸ்பராணி பக்கத்தில நிண்டு குளறிக்கொண்டு தண்ணி ஊத்தினவள். எனக்கு என்ன ஞாபகம்?”

துண்டைத் திரும்பப் பார்த்தார். மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். மூன்றாவது கிணற்றை நாளைக்கு ஒருக்கால் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சைக்கிளைத் திருப்பினார்.